புதுக்கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கு

கொல்கத்தா நியூ டவுனுக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். மென்பொருள் கம்பெனி, வங்கி, டாட்டா மெடிக்கல் சென்டர் என்று எங்கே சேர்ந்தாலும் மார்ச் பிறந்தால் எல்லோருக்கும் பேச்சு ஒன்றுதான்: அப்ரைசல். என்ன ரேட்டிங், எத்தனை சதவீதம் ஹைக், யாருக்குப் பதவி உயர்வு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். "சரிப்பா, போன வருஷம் செய்யத் தெரியாத எதை இந்த வருஷம் செய்தாய்?" என்று கேட்டால் முழிப்பார்கள். ராத்திரி பகலாக உழைத்த பிள்ளைக்குத் தான் வளர்ந்தது தெரியவில்லை என்றால் எனக்கு மனசு தாங்குவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னதை இப்போது எழுத்தில் தருகிறேன்.

1. ரேட்டிங் எப்படி உருவாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏப்ரலில் இலக்குகளை எழுதித் தருகிறீர்கள். வருட முடிவில் உங்களைப் பற்றி நீங்களே எழுதுகிறீர்கள், உங்கள் மேனேஜர் ஒரு ரேட்டிங் போடுகிறார். அதோடு முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு மேனேஜர்கள் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து, போட்ட எண்களையெல்லாம் ஒரு பெல் கர்வுக்குள் அடக்க வேண்டியிருக்கும். உச்சத்தில் இத்தனை பேர், நடுவில் இத்தனை பேர், கீழே கட்டாயம் இத்தனை பேர் என்று கணக்கு இருக்கும். பத்துப் பேரும் கெட்டிக்காரர்களாக இருக்கும் அணியிலும் யாராவது ஒருவர் கீழே தள்ளப்படுவார். இந்த முறை அணிகளுக்குள் பகையை வளர்க்கிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. மைக்ரோசாஃப்ட் 2013-இல் இதைக் கைவிட்டது. கைவிடாத இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஆகவே அந்த எண்ணில் உங்கள் உழைப்பு இருக்கிறது. புராஜெக்ட்டின் பட்ஜெட்டும், பக்கத்து இருக்கைக்காரரின் திறமையும், மேனேஜரின் வாதத்திறமையும் கூடவே இருக்கின்றன. சம்பளத்துக்கு அந்த எண் வேண்டும், அதற்காகப் போராடுங்கள். குறைத்துப் போட்டால் காரணம் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஆனால் நீங்கள் வளர்ந்தீர்களா என்ற கேள்வியை அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

2. சொந்தமாக ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள்.

நமக்குச் சித்திரை முதல் நாள் வருகிறதே, அதையொட்டியே வங்காளிகளுக்குப் பொய்லா பொய்ஷாக் வரும். அன்று விடியற்காலையில் காளிகாட்டிலும் தட்சிணேஸ்வரத்திலும் போய்ப் பாருங்கள். கடைக்காரர்கள் சிவப்புத் துணி போர்த்திய புதுக் கணக்குப் புத்தகத்தைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்பார்கள். பூஜை முடிந்ததும் முதல் பக்கத்தில் சிந்தூரத்தால் ஸ்வஸ்திகம் போடுவார்கள், குங்குமத்தில் தோய்த்த நாணயத்தை ஒற்றி எடுப்பார்கள். அன்று மாலை வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து பழைய பாக்கியைத் தீர்ப்பார்கள். கடைக்காரர் ஒரு பெட்டி இனிப்பும் வங்காள நாள்காட்டியும் கொடுத்து அனுப்புவார். இதற்கு ஹால் காதா என்று பெயர். நம் ஊர்க் கடைத்தெருவின் புதுக்கணக்கு உங்கள் நினைவுக்கு வரும். பழையதை நேர்செய்யாமல் புதியதைத் தொடங்க மாட்டார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அப்ரைசல் முடிகிற அதே ஏப்ரலில், உங்கள் அலுவலக வாசலிலேயே இது நடக்கிறது.

அந்தச் சிவப்புத் துணிப் புத்தகத்தைக் கெரோர் காதா என்பார்கள். சத்யஜித் ராய் தன் பெரும்பாலான படங்களின் திரைக்கதை, காட்சிப் படங்கள், உடை, அரங்க அமைப்பு, இசைக்குறிப்பு எல்லாவற்றையும் இந்த மளிகைக்கடைக் கணக்குப் புத்தகங்களில்தான் எழுதி வைத்தார். 1943-இல் மாதம் 80 ரூபாய்க்கு டி. ஜே. கீமர் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். பதேர் பாஞ்சாலியை எடுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த வேலையில்தான் இருந்தார். படப்பிடிப்பு தொடங்கியது 1952-இல், படம் வெளிவந்தது 1955-இல். நடுவில் பணமில்லாமல் மாதக்கணக்கில் நின்றுபோனது. அவருடைய புத்தகங்களில் அடித்தலும் திருத்தலும் ஓரத்தில் கிறுக்கலும் நிறைய உண்டு. முடிந்த வேலையைத் திரையில் பார்க்கிறோம். அந்த வேலை எப்படி வளர்ந்தது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

நம்மவர் ஒருவரையும் சொல்கிறேன். வத்திராயிருப்பிலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928 பிப்ரவரியில் பௌபஜாரில் சி. வி. ராமனோடு சேர்ந்து ஆய்வு செய்தபோது நாட்குறிப்பு எழுதினார். இரவுச் சாப்பாடு முடிந்து நண்பரோடு பேசிக்கொண்டிருக்கையில், சுமார் ஒன்பது மணிக்குப் பேராசிரியர் திடுமென வீடு தேடி வந்து தன்னைக் கூப்பிட்டதை அதில் குறித்திருக்கிறார். கண்டது என்ன என்று ராமனுக்கு அப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருந்தது. அந்தக் குறிப்பு மட்டும் இல்லையென்றால், ராமன் விளைவு பிறந்த நாட்களின் பரபரப்பை நாம் யாரிடம் போய்க் கேட்பது?

என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஐந்து வரி போதும். எதில் மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன், யார் கைகொடுத்தார், எது இன்னும் புரியவில்லை. கம்பெனி ரகசியம், வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதில் ஏறக் கூடாது. அது வேலைக்கே உலை வைக்கும். லேப்டாப்பிலும் வேண்டாம். வேலையை விடும்போது லேப்டாப்பைத் திருப்பித் தர வேண்டும், புத்தகம் உங்களோடு வரும். சியால்தா பக்கத்து பைட்டக்கானா பஜாரில் காகிதமும் நோட்டுகளும் குவிந்து கிடக்கின்றன, போய் வாங்குங்கள்.

3. செய்ததைச் செய்தேன் என்று எழுதுங்கள்.

சுயமதிப்பீட்டுப் படிவத்தில் நம் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் "நாங்கள்" போட்டுவிடுகிறார்கள். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் மேனேஜர்கள் உட்கார்ந்து வாதாடும் அந்த அறைக்குள் நீங்கள் இருக்கப்போவதில்லை, உங்கள் படிவம் மட்டும்தான் இருக்கும். "பேட்ச் வேலையை மேம்படுத்தினோம்" என்ற வரியை வைத்துக்கொண்டு உங்களுக்காக யாரும் பேச முடியாது. "இரவு பேட்ச் முடிய நான்கு மணி நேரம் ஆனது. தடையாக இருந்த குவெரியை நான் கண்டுபிடித்து மாற்றினேன். ஜூனிலிருந்து நாற்பது நிமிடத்தில் முடிகிறது. சோதனைக்கு இன்னார் உதவினார்." இப்படி எழுதினால் பேச முடியும். முன்பு எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது, யார் உதவினார் என்ற நான்கும் இருக்கட்டும். செவிலியராக இருந்தாலும் இதே முறைதான். வார்டில் மருந்து கொடுக்கும் நேரத்தை எப்படி ஒழுங்குபடுத்தினீர்கள் என்று எழுதுங்கள், "கடமையைச் சிறப்பாகச் செய்தேன்" என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது குறிப்பில் சொன்ன புத்தகம் இருந்தால் இந்தப் படிவம் ஒரு மணி நேர வேலை. இல்லையென்றால் பழைய மெயில்களை மூன்று நாள் தோண்ட வேண்டியிருக்கும். அப்போதும் மே மாதம் செய்தது நினைவுக்கு வராது.

4. பெயர்களைச் சொல்லுங்கள், முழுப் பெயராகச் சொல்லுங்கள்.

1930-இல் இயற்பியல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அந்த டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய நோபல் உரையை எடுத்து வாசியுங்கள். ஒளிச்சிதறலை அளந்த கே. ஆர். ராமநாதனின் பெயர் அதில் இருக்கிறது. மிகத் தூய்மையாக்கிய கிளிசரினில் சிதறிய சூரிய ஒளி வழக்கமான நீலத்தை விட்டுப் பச்சையாகத் தெரிவதைக் கண்ட எஸ். வெங்கடேஸ்வரனின் பெயர் இருக்கிறது. கிருஷ்ணனின் பெயரும் இருக்கிறது. 1928 மார்ச் 31-இல் நேச்சர் இதழில் வந்த முதல் குறிப்பிலும் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள்தான். கிருஷ்ணனுக்கு உரிய பங்கு முழுதாகக் கிடைத்ததா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அதைத் தீர்த்துவைக்க நான் யார்? ஆனால் விவாதிக்கவாவது முடிகிறது என்றால், அந்தப் பெயர்கள் அச்சில் இருப்பதால்தான்.

நீங்கள் டவுன்ஹாலில் பரிசு வாங்கி மைக்கைப் பிடிக்கும்போது "என் டீமுக்கு நன்றி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்காதீர்கள். அந்த வார்த்தை யாரையும் போய்ச் சேராது. இன்னார் இந்தப் பிழையைப் பிடித்தார், இன்னார் அன்றைய இரவு ஷிப்ட்டை எனக்காக எடுத்துக்கொண்டார் என்று சொல்லுங்கள். கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அடுத்த முறை நீங்கள் மாட்டிக்கொண்டால் கூப்பிடாமலே வந்து நிற்பது அந்த ஆள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்டர் ஃபைவ் போய் மெட்ரோ ஏறி சியால்தாவில் இறங்குங்கள். பௌபஜார் தெருவில் 210-ஆம் எண்வரை நடந்து பாருங்கள். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய அறிவியல் கழகம் அங்கேதான் இருந்தது. கழகம் பிறகு ஜாதவ்பூருக்குப் போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது கோயங்கா கல்லூரி நிற்கிறது. உங்களைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நடந்த தெரு அது.

5. சம்பளம் ஒரு பக்கமும் வளர்ச்சி ஒரு பக்கமும் போகும் வருடங்கள் வரும்.

அதே ராமன் 1907-இல் கல்கத்தாவுக்கு நிதித்துறை அதிகாரியாக வந்தபோது வயது இருபதைத் தொடவில்லை. பத்து வருடம் காலையிலும் மாலையிலும் ஆய்வுக்கூடம், நடுவில் கணக்கு அலுவலகம் என்று வாழ்ந்தார். 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்குப் போனபோது சம்பளம் ஏறக்குறையப் பாதியானது. இதைச் சொல்வதால் நீங்களும் வேலையை விடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். பத்து வருடம் அவரும் சம்பளத்தை விடாமல்தான் இருந்தார். ஹைக் வராத வருடத்தில் புதிதாக ஒரு வேலை கைவந்திருக்கலாம். ஹைக் கொட்டிய வருடத்தில் பழைய பாடத்தையே திரும்ப ஒப்பித்திருக்கலாம். இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

6. கொண்டாட்டத்தைத் தள்ளிப் போடாதீர்கள், பெரிதாக்கவும் வேண்டாம்.

கோ லைவ் முடிந்த வாரமே கொண்டாடிவிடுங்கள். "அடுத்த ரிலீஸும் முடியட்டும், சேர்த்துப் பார்க்கலாம்" என்றால் அது வரவே வராது. அதற்குள் அணியில் இரண்டு பேர் வேறு புராஜெக்ட்டுக்குப் போயிருப்பார்கள். பதவி உயர்வு வந்ததும் மாலுக்கு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போய் பாதிச் சம்பளத்தைத் தொலைக்கும் ட்ரீட் நமக்கு வேண்டாம். இந்த ஊரில் நல்ல சேதி என்றால் ஒரு பெட்டி மிஷ்டி போதும். கோடையில் ரசகுல்லா, பனிக்காலத்தில் பேரீச்ச மரத்துப் புதுவெல்லம் போட்ட நொலென் குர் சந்தேஷ். அதைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தால் மொத்தத் தளமும் எழுந்து வரும். எதற்காக என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள், அப்போது நாலாவது குறிப்பில் சொன்ன பெயர்களைச் சொல்லுங்கள்.

முதல் இனிப்பை ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும், பேன்ட்ரி தம்பிக்கும், வாசல் காவலருக்கும் கொடுங்கள். இதை நான் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. 1999-இல் ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் அமைந்து இந்த நகரம் எழுவதற்கு முன்னால் இங்கே நெல்வயலும், மீன் வளர்க்கும் பேரி நீர்நிலைகளும், ஜாத்ராகாச்சி, கூனி போன்ற கிராமங்களும் இருந்தன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இதே கட்டிடங்களில் தரை துடைக்கிறார்கள், வாசலில் டீ விற்கிறார்கள், டோட்டோ என்கிற மின்சார ரிக்‌ஷா ஓட்டுகிறார்கள். உங்கள் முன்னேற்றம் அவர்கள் நிலத்தின் மேல் நடக்கிறது. அவர்கள் பெயர் தெரியாமல் இங்கே ஐந்து வருடம் வேலை பார்த்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

7. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

"எக்ஸீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ் வந்திருக்கும்மா" என்றால் பெற்றவளுக்கு என்ன தெரியும்? "சரிப்பா, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவாள். "அம்மா, நீ பென்ஷனுக்காக வங்கியில் வரிசையில் நிற்கிறாயே, அந்த மாதிரி வேலை எங்கேயோ ஒரு நாட்டில் இனி வீட்டிலிருந்தே நடக்கும், அதில் ஒரு பகுதியை நான் எழுதினேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நாளே தெரு முழுக்கச் சேதி போயிருக்கும். அப்படித் தமிழில் எளிமையாகச் சொல்ல வரவில்லை என்றால், செய்த வேலை உங்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம். அதையும் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

8. பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைத்தால் அன்றே எழுந்து போய் வாழ்த்துங்கள். மெயில் பத்தாது. உங்களுக்கு வர வேண்டியது அவருக்குப் போயிருந்தால் இரண்டு நாள் கழித்துப் போங்கள், ஆனால் போங்கள்.

9. செப்டம்பரில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

விஸ்வகர்மா பூஜை வழக்கமாக செப்டம்பர் 17-இல் வரும். வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். டோட்டோ ஸ்டாண்டிலும் பஸ் டிப்போவிலும் கட்டிட வேலை நடக்கும் இடத்திலும் சிலை வைத்து, ஸ்பேனருக்கும் ஸ்டீயரிங்குக்கும் பூப்போடுவார்கள். அதன்பின் சில வாரத்தில் நமக்கு ஆயுத பூஜை. நிதியாண்டில் பாதி கடந்திருக்கும் நேரம் அது. ஏப்ரலுக்குப் பிறகு எந்தக் கருவி புதிதாகக் கைவந்தது, எது துருப்பிடிக்கிறது என்று அன்று ஒரு பக்கம் எழுதுங்கள். குறை தெரிந்தால் மார்ச்சுக்குள் சரிசெய்ய ஆறு மாதம் கையில் இருக்கும்.

10. புகழ் வரும்போது ரவீந்திரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நியூ டவுனில் ஒரு பெரிய மென்பொருள் வளாகத்துக்கு கீதாஞ்சலி என்று பெயர். தினமும் அந்த வாசலில் அட்டையைத் தட்டி உள்ளே போகிற பிள்ளைகள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1913 நவம்பர் 13-இல் ரவீந்திரநாதருக்கு நோபல் அறிவித்தார்கள். பத்தே நாளில், 23-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து தனி ரயில் பிடித்துச் சுமார் ஐந்நூறு பேர் அவரைப் பாராட்ட சாந்திநிகேதனுக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்திடமே அவர் தன் மனக்கசப்பை மறைக்காமல் சொன்னார். இத்தனை காலம் சொந்த ஊரில் வசைதான் கிடைத்தது, வெளிநாடு மதித்த பிறகுதான் இங்கே மதிப்பு வந்தது, நீங்கள் நீட்டும் இந்தக் கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோவேன், பருக என்னால் முடியாது என்ற பொருளில் பேசினார். உண்மையான அன்போடு வந்தவர்களுக்கும் அது வலித்தது.

அவர் கடுமையை நீங்கள் பின்பற்ற வேண்டாம், நமக்கு அந்த உயரமும் இல்லை. பாராட்டுகிறவர்களைப் புன்னகையோடு வரவேற்றுக் கும்பிட்டு நன்றி சொல்லுங்கள். ஆனால் உங்கள் வேலையை விருது வருவதற்கு முன்பே பார்த்தவர் யார், விருதுக்குப் பிறகு பார்த்தவர் யார் என்பது உங்கள் மனசுக்குத் தெரிந்திருக்கட்டும். முதல் வகையில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வேலையில் எது நொண்டுகிறது என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் "இன்னும் வரவில்லை" என்று சொன்னால் விருதை மேசையில் வைத்துவிட்டுத் திருத்த உட்காருங்கள்.

11. கிளம்பும் நாளுக்கும் தயாராக இருங்கள்.

பெங்களூரோ சென்னையோ ஆன்சைட்டோ, ஒருநாள் இந்த ஊரை விட்டுப் போவீர்கள். ஷாலிமாரில் கோரமண்டல் ஏறும்வரை எதையும் பாக்கி வைக்காதீர்கள். நோட்டீஸ் காலத்தைக் கடனே என்று தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த இருக்கையில் எவ்வளவு வளர்ந்தீர்கள் என்பது பொறுப்பை ஒப்படைக்கும்போதுதான் வெளியே தெரியும். வரும்போது உங்களுக்கு யாரும் சொல்லித் தராததையெல்லாம் ஆவணமாக எழுதி வையுங்கள். எந்த சர்வர் எப்போது படுக்கும், எந்த வாடிக்கையாளரிடம் முதலில் பேச வேண்டும், எந்தக் குறுக்குவழி ஆபத்து என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இந்த விவரங்கள் உங்கள் புத்தகத்தில் இல்லாவிட்டாலும், அதைப் புரட்டினாலே பாதி நினைவுக்கு வந்துவிடும். விடைபெறும் மெயிலை முந்தின வாரமே எழுதுங்கள், அதிலும் பெயர்கள் இருக்கட்டும். உங்கள் இடத்துக்கு வருகிற பிள்ளை முதல் டிக்கெட்டைத் தனியாக முடிக்கும்வரை கூடவே உட்காருங்கள். அது முடிந்த அன்று மிஷ்டியை நீங்கள் வாங்கி வாருங்கள்.